சலவை இயந்திரத்துக்குள் தண்ணீர் மெதுவாக வந்தால் முதலில் எதைப் பார்ப்பது?

சகோதரி, உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொன்னால் இதுதான். வெள்ளவத்தையில் நான்கு மாடிக் கட்டடத்தின் மேல்மாடியில் குடியிருக்கிறீர்கள். மேல்மூடி திறக்கும் ஏழு கிலோ தானியங்கி இயந்திரம், வாங்கி ஐந்து வருடம். சென்ற மாத நீர்வெட்டுக்குப் பிறகு தண்ணீர் மெதுவாக வருகிறது. காலையில் உடுப்புப் போட்டால் ஒருவாறு நிறைகிறது. பின்னேரம் போட்டால் பாதியில் நின்று பிழைக் குறி காட்டுகிறது. பார்க்க வந்தவர், இயந்திரத்துக்கு உத்தரவு கொடுக்கும் சர்க்கிட் போர்ட் போய்விட்டது, மாற்ற வேண்டும் என்று சொல்லி, புது இயந்திரத்தின் விலையில் பாதிக்குக் கிட்டக் கேட்டிருக்கிறார். தண்ணீர் ஏன் வரவில்லை என்றுதான் எழுதியிருக்கிறீர்கள். ஆனால் நீங்கள் உண்மையில் அறிய விரும்புவது, அந்தப் பணத்தைக் கொடுக்கலாமா என்பதை. இப்போதைக்குக் கொடுக்காதீர்கள். கீழே சொல்பவற்றைச் செய்து பார்க்க ஒரு வாளி, ஒரு குறடு, ஒரு மணிக்கூடு போதும். அரை மணி நேரம் ஆகும்.

இருபத்துமூன்று வருடமாகக் கொட்டாஞ்சேனையிலிருந்து தெஹிவளை வரை வீடு வீடாகப் போய் இந்த இயந்திரங்களைத் திருத்துகிறேன். தண்ணீர் வரவில்லை என்று அழைப்பவர்களிடம் நான் முதலில் கேட்பது ஒன்றைத்தான்: மெதுவாக வருகிறதா, முற்றாகவே வரவில்லையா, வந்த தண்ணீர் நிற்காமல் போய்விடுகிறதா? மூன்றும் மூன்று வேறு நோய்கள். உங்களுடையது முதலாவது, அதுவே நல்ல செய்தி. சர்க்கிட் போர்ட், தண்ணீரைத் திறந்து மூடும் வால்வுக்கு மின்சாரம் கொடுக்கும், அல்லது கொடுக்காமல் விடும். பாதி மின்சாரம் கொடுத்துத் தண்ணீரை மெல்ல விடும் வேலை அதற்குக் கிடையாது. வால்வுக்கு மின்சாரம் கொடுக்கும் பகுதி பழுதானால் ஒரு துளியும் வராது, அல்லது நிறுத்த முடியாமல் வந்துகொண்டே இருக்கும். அதிலும் காலையில் ஒரு விதமாகவும் பின்னேரம் ஒரு விதமாகவும் நடப்பது பழுதான போர்டின் குணம் அல்ல. அது தண்ணீர்த் தாங்கியின் குணம்.

உங்கள் வீட்டைக் கணக்காகப் போட்டுக் காட்டுகிறேன். மேல்மாடிக்காரருக்குத் தண்ணீர் நன்றாக வரும் என்று பலர் நினைக்கிறார்கள், தாங்கி தலைக்கு மேலேயே இருக்கிறதே என்று. அழுத்தம் உயரத்திலிருந்து வருவது. தாங்கிக்கு மிகக் கிட்ட இருப்பவருக்குத்தான் அது மிகக் குறைவு. பத்து மீட்டர் உயர நீர் ஏறத்தாழ ஒரு ‘பார்’ அழுத்தம் தரும்; பார் என்பது அழுத்தத்தை அளக்கும் அலகு. உங்கள் கூரைத் தட்டு, இயந்திரத்தின் பின்னால் உள்ள நீர்வாயிலிருந்து சுமார் 2 மீட்டர் மேலே இருக்கும். தாங்கி அரை மீட்டர்க் கட்டின் மேல் வைக்கப்பட்டு, அதற்குள் ஒரு மீட்டர் தண்ணீர் நின்றால் மொத்தம் மூன்றரை மீட்டர், அதாவது 0.35 பார். பகல் முழுக்க எல்லா வீட்டாரும் பாவித்துத் தாங்கி அடிக்கு வந்துவிட்டால் அது 0.25 பாராக இறங்கிவிடும். இயந்திரத்தோடு வந்த கையேட்டை எடுத்துப் பாருங்கள், நீர் அழுத்தம் என்ற இடத்தில் குறைந்த அளவு ஒன்று எழுதியிருக்கும். பெரும்பாலான இயந்திரங்களுக்கு அது 0.3 அல்லது 0.5 பார்; சில கையேடுகளில் 0.03 அல்லது 0.05 மெகாபாஸ்கல் என்று போட்டிருப்பார்கள், இரண்டும் ஒன்றுதான். காலையில் அந்தக் குறைந்த அளவுக்குச் சற்று மேலே நிற்கிறீர்கள், பின்னேரம் கீழே இறங்கிவிடுகிறீர்கள்.

அப்படியென்றால் ஐந்து வருடமாக எப்படி ஓடியது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. கரையில் நின்றவரைத் தள்ளிவிட ஒரு விரல் போதும். நீர்வெட்டு அந்த விரலாக இருந்திருக்கிறது என்பது என் எண்ணம். கொழும்புக்கு வருவது களனி ஆற்றுத் தண்ணீரும், களட்டுவாவ, லபுகம நீர்த்தேக்கங்களின் தண்ணீரும். இது மென்னீர். யாழ்ப்பாணத்தின் சுண்ணாம்புக்கல் நிலத்துக் கிணற்று நீரைப்போல் வெள்ளைக் கறை படியாது. அங்கே என் உறவினர் வீட்டு வால்வைக் கழற்றியபோது உள்ளே சுண்ணாம்பு பூசிய சுவர் மாதிரி இருந்தது. வினாகிரியில் ஊறவைத்துத்தான் எடுத்தேன். கொழும்பில் எங்களுக்கு எதிரி துருவும் மணலும். நகரத்தில் இன்னும் பழைய வார்ப்பிரும்புக் குழாய்கள் உண்டு. வெட்டு முடிந்து தண்ணீர் மறுபடி பாய்கிறபோது உள்ளே படிந்திருந்த துருவை உரித்துக்கொண்டு வருகிறது. முதல் பத்து நிமிடம் குழாயில் தேயிலைச் சாயம் போலத் தண்ணீர் வந்ததைப் பார்த்திருப்பீர்கள். தாங்கியின் அடியில் கிடந்த சேறும், தாங்கி காலியாகி நிரம்பும்போது கலங்கிக் கீழே இறங்கும். இவை எல்லாம் போய் நிற்கும் இடம் ஒன்றுதான்: உங்கள் இயந்திரத்தின் பின்னால், ஹோஸ் பூட்டும் வாய்க்குள், ஒரு ரூபாய்க் குற்றியை விடப் பெரிதாக இல்லாத ஒரு சல்லடை.

அதைக் கழற்றிப் பாருங்கள். முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. பின் சுவர்க் குழாயை மூடுங்கள். ஒரு பழைய துணியைத் தரையில் விரித்து, ஹோஸை இயந்திரத்தின் பக்கம் கையால் திருகிக் கழற்றுங்கள். உள்ளே நின்ற தண்ணீர் அரைக் கோப்பை கொட்டும். நீர்வாய்க்குள் எட்டிப் பார்த்தால் சின்னத் தொப்பி போலப் பிளாஸ்டிக் சல்லடை தெரியும். நடுவில் ஒரு குமிழ் நீட்டிக்கொண்டிருக்கும். கூர்மூக்குக் குறடால் அந்தக் குமிழை மட்டும் பிடித்து, லேசாக இடம் வலமாக அசைத்து நேராக வெளியே இழுங்கள். சுற்றிவர விளிம்பைக் கௌவினால் நொறுங்கிவிடும். நல்ல சல்லடையை வெளிச்சத்துக்குப் பிடித்தால் கண்ணி கண்ணியாக வெளிச்சம் தெரியும். உங்களுடையதில் கபில நிறச் சளி படிந்து, விரலால் தடவினால் மணல் நறநறவென்று இருக்கும் என்று எதிர்பார்க்கிறேன். பழைய பற்தூரிகையால் உட்புறமிருந்து வெளிப்புறமாகத் தேய்த்துக் கழுவுங்கள். ஊசியால் குத்தாதீர்கள், கண்ணி பெருத்தால் அடுத்த மணல் நேரே வால்வுக்குள் போகும். சல்லடை இல்லாமல் பூட்டுவதும் வேண்டாம். அப்படிப் பூட்டினால் தண்ணீர் அருமையாக வரும், சில மாதத்தில் வால்வு மூடாமல் நிற்கும்.

அதே சமயம் ஹோஸின் மறுமுனையையும் பாருங்கள், சிலவற்றில் சுவர்ப் பக்கத்திலும் ஒரு சல்லடை இருக்கும். அங்கே ஒருமுறை நான் கற்ற பாடத்தைச் சொல்ல வேண்டும். தொழிலுக்கு வந்து இரண்டாம் வருடம், பம்பலப்பிட்டியில் ஒரு வீட்டில் இதே குறை. வால்வுதான் என்று அடித்துச் சொல்லி மாற்றினேன். பணமும் வாங்கினேன். மூன்றாம் நாள் அந்த அம்மா மறுபடி அழைத்தார், பழைய கதைதான். ஹோஸைக் கழற்றி உதறியபோது, குழாய் பொருத்தியவர் சுற்றிய வெள்ளை டெஃப்ளான் நாடாவின் துண்டு ஒன்று புழுப்போல வெளியே விழுந்தது. தண்ணீர் பாயும்போது அது வளைவில் போய் அடைக்கும், நிறுத்தினால் விலகிவிடும். நான் கொடுத்த புது வால்வுக்கு அங்கே வேலையே இருக்கவில்லை. பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அன்றிலிருந்து வாளிச் சோதனை செய்யாமல் எந்த இயந்திரத்தையும் நான் திறப்பதில்லை.

அந்தச் சோதனை இதுதான். கழற்றிய ஹோஸ் முனையைப் பத்து லீற்றர் வாளிக்குள் விட்டு, சுவர்க் குழாயை முழுதாகத் திறந்து, வாளி நிறைய எவ்வளவு நேரம் என்று பாருங்கள். பலர் வாளியைத் தரையில் வைத்து அளக்கிறார்கள்; உங்களைப் போன்ற மேல்மாடிக்காரருக்கு அது பொய் சொல்லும். தரை, இயந்திரத்தின் நீர்வாயைவிட ஏறக்குறைய ஒரு மீட்டர் கீழே இருக்கிறது. தாங்கித் தண்ணீருக்கு மூன்று மீட்டர் அளவே உயரம் உள்ள வீட்டில் ஒரு மீட்டர் சும்மா கிடைத்துவிட்டால் கணக்கு முழுதும் மாறிவிடும். ஆகவே வாளியை ஒரு முக்காலியில் வைத்து, வாளியின் வாய் இயந்திரத்தின் நீர்வாய் மட்டத்துக்கு வரும்படி பிடியுங்கள். காலையில் ஒரு தரம், பின்னேரம் ஒரு தரம் செய்யுங்கள். ஒரு நிமிடத்துக்குள் நிறைந்தால் உங்கள் வீட்டுக் குழாயில் குறை இல்லை. இரண்டு நிமிடம் என்றால் இயந்திரம் மெல்ல நிறைத்துச் சமாளிக்கும். மூன்று நிமிடத்துக்கு மேல் போனால் வேறு இயந்திரத்தைக் கொண்டுவந்து வைத்தாலும் பிழைக் குறி வரக்கூடும். ஏனென்றால் இயந்திரம் தண்ணீரை அளப்பதோடு நேரத்தையும் பார்க்கிறது. குறித்த நிமிடத்துக்குள் நீர் மட்டம் எட்டவில்லை என்றால், தண்ணீர் வந்துகொண்டிருந்தாலும் வரவில்லை என்று முடிவு கட்டி நின்றுவிடும். எல்.ஜி. இயந்திரங்களில் அந்தக் குறி ‘ஐ’, ‘இ’ என்ற இரண்டு ஆங்கில எழுத்துகள். சாம்சங்கில் நான்கு என்ற இலக்கத்தோடு ‘இ’ அல்லது ‘சி’. அந்தக் குறியின் பொருள் நேரம் கடந்துவிட்டது என்பது மட்டும்தான்.

வாளி மெதுவாக நிறைந்தால் வழி வீட்டுக் குழாயில் இருக்கிறது. முதலில் தாங்கியிலிருந்து இறங்கும் கேட் வால்வைப் பாருங்கள். நீர்வெட்டின்போது யாராவது மூடி, பின்பு பாதிதான் திறந்திருக்கலாம். இதை நான் பல கட்டடங்களில் கண்டிருக்கிறேன். குழாயில் காற்று அடைத்திருந்தால் தண்ணீர் விட்டு விட்டுத் துப்பும். வீட்டிலேயே ஆகத் தாழ்வான குழாயைச் சில நிமிடம் முழுதாகத் திறந்துவிட்டால் பெரும்பாலும் காற்று வெளியேறும். இவை எதுவும் இல்லை, உயரம்தான் போதவில்லை என்றால், தாங்கியிலிருந்து இயந்திரத்துக்கென்று முக்கால் அங்குலக் குழாய் ஒன்றைத் தனியாக இறக்கலாம். அது அழுத்தத்தைக் கூட்டாது, இருக்கிற அழுத்தத்தை வழியில் வீணாக்காமல் கொண்டுவரும். தாங்கியை உயர்த்துவதைப் பற்றிக் கட்டட நிர்வாகத்தோடு பேசலாம்தான். ஆனால் ஆயிரம் லீற்றர் தாங்கி நிறைந்தால் ஒரு தொன் எடை. பொறியியலாளர் பார்க்காமல் தாங்கி நிற்கும் கட்டின் உயரத்தைக் கூட்டவே கூடாது, அதற்குக் கிடைப்பதோ ஒரு மீட்டருக்கு 0.1 பார் மட்டும். சிறிய பிரஷர் பம்ப் ஒன்றைத் தாங்கிக்குக் கீழே பூட்டுவது பல வீடுகளில் தீர்வாகியிருக்கிறது. தெருவிலிருந்து வரும் பொதுக் குழாயில் நேரே பூட்ட வேண்டாம். அது அயலவரின் தண்ணீரை இழுக்கும், வெடிப்புள்ள குழாய் வழியே நிலத்துச் சேற்றையும் சேர்த்து இழுக்கும்.

வாளி நன்றாக நிறைந்து, சல்லடையும் சுத்தமாக இருந்து, அப்படியும் இயந்திரத்துக்குள் மெதுவாகத்தான் வருகிறது என்றால் அடுத்த சந்தேகம் இன்லெட் வால்வு, அதாவது தண்ணீரை உள்ளே விடும் அந்த வால்வு. அதன் உள்ளே ஓர் இறப்பர் சவ்வு இருக்கிறது, நடுவில் ஊசித் துளை. மின்சாரம் வந்ததும் வால்வில் உள்ள கம்பிச் சுருள் ஒரு சின்ன இரும்புத் தண்டை மேலே இழுத்து அந்தத் துளையைத் திறக்கும். அதற்குப் பிறகு சவ்வைத் தூக்கித் திறப்பது மின்சாரம் அல்ல, வருகிற தண்ணீரின் அழுத்தம். அதனால்தான் அழுத்தம் குறைந்தால் வால்வு நல்லதாக இருந்தும் பாதிதான் திறக்கிறது. இறப்பர் விறைத்துப்போனாலும், துரு அதில் ஒட்டிக்கொண்டாலும் இதே நிலைதான். இயந்திரத்தை அணைத்து, சுவர்க் குழாயைத் திறந்தே விட்டு ஒரு மணி நேரம் கழித்துப் பாருங்கள். தொட்டிக்குள் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் சேர்ந்திருந்தால் சவ்வு சரியாக மூடவில்லை, வால்வை மாற்றத்தான் வேண்டும். இரவில் மின்னழுத்தம் இறங்கும் வீடுகளில் சுருள் தண்டை முழுதாக இழுக்காமல் ரீங்காரம் மட்டும் போடும். ‘மெதுவாக’ என்பதில் மின்சாரத்துக்குப் பங்கு இருக்கக்கூடிய ஒரே இடம் அதுதான், அங்கேயும் குற்றம் போர்டில் இல்லை.

வெள்ளவத்தைக்கு மட்டும் ஒரு சேர்க்கை உண்டு. கடற்காற்று. புகையிரதப் பாதையை ஒட்டிய வீடுகளில் இயந்திரத்தின் முதுகைத் திறந்தால் வால்வுக்குப் போகும் கம்பியின் முனையில் பச்சைக் களிம்பு பூத்திருப்பதைப் பார்க்கிறேன். அது ஒரு நாள் பிடிக்கும், ஒரு நாள் விடும். கழற்றிச் சுரண்டி இறுக்கிப் பூட்டினால் முடிந்த காரியம். ஆனால் அதன் அறிகுறி தண்ணீர் முற்றாக வராமல் நிற்பது, உங்களுக்கு நடப்பதுபோல மெல்ல வருவதல்ல. மல்டிமீட்டர் பழகியவர் வீட்டில் இருந்தால், பிளக்கைப் பிடுங்கிய பின் அந்த இரண்டு முனைகளுக்கு இடையில் அளக்கட்டும். 230 வோல்ற் சுருள்கள் பெரும்பாலும் 3,000 முதல் 5,000 ஓம் வரை காட்டும். எதுவுமே காட்டாவிட்டால் சுருள் அறுந்திருக்கிறது. மின்சாரம் ஓடும்போது உள்ளே அளக்கும் வேலையை வீட்டில் யாரும் செய்ய வேண்டாம், ட்ரிப் சுவிட்ச் இருக்கிறது என்ற தைரியத்திலும் வேண்டாம். ஈரத் தரையில் நின்று செய்யும் வேலை அது.

போர்டும் நீர்மட்ட உணரியும் நலமா என்று அறிய நான் கைவிடாமல் செய்யும் ஒரு சோதனை இருக்கிறது, மேல்மூடி இயந்திரம் என்பதால் உங்களாலும் முடியும். ஆகக் குறைந்த நீர்மட்டத்தில் வைத்து இயந்திரத்தைத் தொடங்கி, குழாய்த் தண்ணீர் மெல்ல வந்துகொண்டிருக்கும்போதே வாளியால் தண்ணீரை மொண்டு நேரே தொட்டிக்குள் ஊற்றுங்கள். மட்டம் எட்டியதும் தண்ணீர் வரவு தானாக நின்று, தொட்டி சுழலத் தொடங்கினால், உணரி மட்டத்தை அறிந்தது, போர்ட் அதைக் கேட்டது, வால்வை மூடியது, மோட்டருக்கு உத்தரவு கொடுத்தது என்பது அங்கேயே தெரிந்துவிடும். போர்ட் மாற்றச் சொன்னவரிடம் இதைச் செய்து காட்டுங்கள். அவரை மோசக்காரர் என்று நான் சொல்லவில்லை. நாளைக்கு எட்டு வீடு ஓடுகிறவருக்குப் பிழைக் குறியைப் பார்த்ததும் போர்டை மாற்றிவிட்டுப் போவது இலகு. மெதுவாக வரும் தண்ணீருக்கு போர்ட் எப்படிக் காரணம் என்று மரியாதையாகக் கேளுங்கள். பதில் இருந்தால் கேட்டு எழுதுங்கள், நானும் தெரிந்துகொள்வேன்.

இதே தலைப்பைத் தேடி வரும் மற்றவர்களுக்காக இரண்டு வார்த்தை. தண்ணீர் வந்து, நிற்காமல் கீழே போய்விடுகிறது என்றால் வெளியேறும் பக்கத்தைப் பாருங்கள். மேல்மூடி இயந்திரங்கள் பலவற்றில் வடிகால் வால்வுக்குள் ஒரு கொண்டை ஊசியோ சில்லறைக் காசோ சிக்கி அதை மூடவிடாமல் வைத்திருக்கும். முன்மூடி இயந்திரமென்றால் வடிகால் ஹோஸ் தரையில் கிடக்கிறதா என்று பாருங்கள். அதைச் சுமார் 60 சென்ரிமீட்டருக்கு மேலே உயர்த்திக் கட்டாவிட்டால் தண்ணீர் தானாக இழுபட்டு வெளியேறும். முற்றாகவே வரவில்லை என்றால், இரண்டு நீர்வாய் உள்ள இயந்திரத்தில் சுடுநீரைத் தெரிவு செய்திருக்கிறீர்களா என்று முதலில் பாருங்கள். சுடுநீர்க் குழாய் பூட்டாத வீட்டில் பிள்ளைகள் ஒரு பொத்தானை அமத்தினாலே தண்ணீர் நின்றுவிடும். சலவைத்தூள் தட்டில் தூள் கல்லாகி அடைத்தாலும் நீர் குறையும், கழற்றிச் சுடுநீரில் ஊறவையுங்கள்.

வால்வு மாற்றத்தான் வேண்டும் என்று முடிவானால், பழையதைக் கழற்றிக் கையோடு எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருப் பக்கம் தேடலாம். வாய் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது, எத்தனை சுருள், 220–240 வோல்ற் என்று எழுதியிருக்கிறதா என்ற மூன்றையும் ஒப்பிட்டு வாங்குங்கள். ஜப்பானிலிருந்து வந்த பாவித்த இயந்திரங்களின் வால்வு 100 வோல்ற்றுக்குச் செய்தது, பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும், உங்கள் இயந்திரத்தில் பூட்டினால் கருகிவிடும். குறைந்த அழுத்தத்துக்கென்றே செய்த வால்வுகளும் உண்டு. உங்கள் மாதிரிக்குப் பொருந்துவது கிடைத்தால் மேல்மாடிக்கு அதுவே ஏற்றது. ஹோஸை மறுபடி பூட்டும்போது கையால் இறுக்கினால் போதும். குறடு போட்டால் பிளாஸ்டிக் புரி வெடிக்கும். உள்ளே இறப்பர் வாஷர் இருக்கிறதா என்று பார்த்துப் பூட்டி, குழாயைத் திறந்து, இணைப்பைச் சுற்றி ஒரு காகிதத் துண்டைப் பிடித்துப் பாருங்கள். ஈரம் பட்டால் இன்னும் கால் சுற்று. இயந்திரத்தைச் சுவரோடு தள்ளும்போது ஹோஸ் மடங்காமல் நாலு விரல் இடைவெளி விடுங்கள்.

இங்கிருந்து என்னால் உங்கள் இயந்திரத்தைத் தொட்டுப் பார்க்க முடியாது. சல்லடை அடைபட்டிருக்கும் என்பதில் எனக்குப் பெரும்பாலும் சந்தேகமில்லை; அதைச் சுத்தம் செய்தால் மட்டும் பின்னேரத் தொல்லையும் தீருமா என்பது உங்கள் தாங்கியின் உயரத்தைப் பொறுத்தது. ஆகவே காலை, பின்னேரம் இரண்டு வேளையும் வாளி நிறைந்த நேரத்தை விநாடியோடு எழுதுங்கள். தாங்கியின் அடி கூரைத் தட்டிலிருந்து எத்தனை அடி உயரத்தில் இருக்கிறது என்பதையும் காவலாளியிடம் கேட்டு எழுதுங்கள். பம்ப் வேண்டுமா, குழாய் மாற்றினால் போதுமா என்று அதைப் பார்த்துச் சொல்கிறேன். அதுவரை பெரிய உடுப்புகளைக் காலையில் போடுங்கள்.